480 வெள்ளி போச்சு: ஸ்கீயை சர்வீஸுக்குக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

நேற்று இரவுதான் ஜப்பானில் பனிச்சறுக்கு முடித்துத் திரும்பினோம். பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. மகள் வீங்கிய முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு சோபாவில் படுத்திருக்கிறாள். ஜூன் விடுமுறையில் நியூசிலாந்துப் பக்கம் போகிறவர்கள் இனிமேல்தான் ஸ்கீயை எடுத்து சர்வீஸுக்குக் கொடுப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை இப்போதே எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் ஒரு விளையாட்டுப் பொருள் கடை. பெயர் சொல்லப்போவதில்லை. குளிர்காலப் பொருட்களும் விற்கிறார்கள், சர்வீஸும் செய்கிறார்கள். என் ஸ்கீ, மகளின் ஸ்கீ, இரண்டு ஜோடியையும் கொடுத்தேன். ஜோடிக்கு 240, மொத்தம் 480 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அந்தப் பணத்துக்கு பேஸ் என்கிற அடிப்பரப்பை மெஷினில் தீட்டுவது, எட்ஜ் என்கிற ஓரத்து இரும்பு விளிம்பைக் கூர்மையாக்குவது, நன்றாக வழுக்குவதற்குச் சூடான வேக்ஸ் (மெழுகு), பூட்ஸைப் பிடித்துக்கொண்டு விழும்போது கழற்றிவிடும் பைண்டிங்கின் சோதனை எல்லாம் சேர்த்தி என்றார்கள்.

நம்ம ஊர் ஈரக்காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டோர் ரூமில் சும்மா கிடந்தாலே எட்ஜில் துரு ஏறிவிடும். இங்கே பனியும் கிடையாது, சர்வீஸ் முடிந்த ஸ்கீயை ஓட்டிப் பார்த்து வாங்க வழியே இல்லை. கடைக்காரர் வாயால் சொல்வதுதான் நமக்கு ஆதாரம். அந்த ஆள் நன்றாகப் பேசினார்.

நான் தமிழ் என்று தெரிந்ததும் உடனே தமிழுக்கு மாறினார். "அண்ணே, எங்கே போறீங்க, ஹக்குபாவா? மார்ச்சில் மதியம் பனி இளகிடும். மஞ்சள் வேக்ஸ்தான் போடணும்" என்றார். விஷயம் தெரிந்த பேச்சு அது. வெப்பமான பனிக்கு மென்மையான வேக்ஸ், கடுங்குளிருக்குக் கெட்டியான வேக்ஸ் என்பது சரிதான். பல பிராண்டுகளில் மஞ்சள் நிறம் வெப்பமான பனிக்குத்தான். மகள் ஓட்டுவது டெரெய்ன் பார்க், அதாவது ஜம்ப்பும், ஏறி வழுக்கிப்போகும் ரெயில் என்கிற இரும்புக் கம்பிகளும் வைத்த சரிவு. "தம்பி, பொண்ணு பார்க்கில் ஓட்டுவா. ரெயிலில் சிக்காமல் இருக்க காலுக்கு நேர் கீழே இருக்கும் எட்ஜை மட்டும் கொஞ்சம் மழுக்கிடுங்க" என்றேன். "அதெல்லாம் சொல்லணுமாண்ணே? நம்ம வீட்டுப் பொண்ணுக்குச் செய்யுற மாதிரி செஞ்சு தர்றேன்" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். அங்கேயே நின்று பேநவ் என்கிற போன் வழிப் பணப்பரிமாற்றத்தில் 480 வெள்ளி அனுப்பினேன்.

டெரெய்ன் பார்க் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு விஷயம். சாதாரணச் சரிவில் ஸ்கீ மெதுவாக ஓடினால் எரிச்சல், அவ்வளவுதான். பார்க்கில் அது ஆபத்து. ஜம்பில் முதலில் ஏறிப் பறக்கும் முனை, அடுத்து டேபிள் என்கிற சமதளம், அதன் முடிவில் நக்கிள் என்கிற மேடு, அதைத் தாண்டினால்தான் சரிவான இறங்குதளம். சரிவில் இறங்கினால் வேகம் முன்னால் வழிந்துபோகும், முழங்கால் தாங்கும். வேகம் குறைந்து நக்கிளிலோ சமதளத்திலோ விழுந்தால் உடம்பின் மொத்த அடியும் காலில் இறங்கும். வேகம் கூடிவிட்டாலும் இறங்குதளத்தைத் தாண்டி அடியிலுள்ள சமதளத்தில் போய் விழ வேண்டியதுதான். அதனால்தான் பார்க்கில் எல்லோரும் முதலில் முன்னே போகிறவரைப் பார்ப்பார்கள். அவர் எங்கிருந்து கிளம்புகிறார், திரும்பாமல் நேராக வருகிறாரா, எங்கே இறங்குகிறார் என்று பார்த்துவிட்டு அதே இடத்திலிருந்து கிளம்புவார்கள்.

இந்தக் கணக்கு சரியாக வர வேண்டுமானால் நம் ஸ்கீயும் ஓட வேண்டும். வேக்ஸ் ஏறிய பேஸும் காய்ந்துபோன பேஸும் ஒரே இடத்திலிருந்து கிளம்பினாலும் ஜம்பின் முனைக்கு ஒரே வேகத்தில் வந்து சேராது. மார்ச் மாத மதிய வேளை இன்னும் மோசம். பனி இளகித் தண்ணீர் கூடியதும், கண்ணாடி மேஜையில் ஈரமான டம்ளர் ஒட்டிக்கொள்வது மாதிரி ஸ்கீ பனியோடு ஒட்டி இழுக்கும். அதை உடைக்கத்தான் மெஷினில் பேஸின்மேல் மெல்லிய கோடுகள் போடுவார்கள். குளிர்ந்து காய்ந்த பனிக்கு நுண்ணிய கோடு, ஈரப்பனிக்குக் கொஞ்சம் பருமனான கோடு. நான் 480 வெள்ளி கொடுத்ததே முக்கியமாக அதற்குத்தான்.

ஹக்குபா ஜப்பானின் நாகானோவில் இருக்கிறது, 1998 குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்குப் போட்டிகள் நடந்த இடம். பார்க் அருமையாக வைத்திருந்தார்கள், அவர்கள்மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். காலையில் பனி இறுகிக் கிடந்தவரை வித்தியாசம் அவ்வளவாகத் தெரியவில்லை. மதியம் வெயில் ஏறியதும், லிஃப்ட்டுக்குப் போகும் சமதளத்தில் எல்லோரும் வழுக்கிக்கொண்டே போக, நானும் மகளும் மட்டும் கோலை ஊன்றித் தள்ளிக்கொண்டு போனோம். "அப்பா, என் ஸ்கீயைப் பின்னாலேருந்து யாரோ பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு" என்றாள். புது வேக்ஸ், மெஷினில் தீட்டிய பேஸ் என்று இருவரும் நம்பியிருந்தோம். அதனால் பனிதான் காரணம் என்று முடிவு செய்து, ஜம்புக்கு மற்றவர்களைவிடச் சற்று மேலேயிருந்தே கிளம்பினாள். அதுவும் போதவில்லை. நேராக நக்கிளில் விழுந்தாள். கால் மடங்கியது. கழன்றிருக்க வேண்டிய இடது ஸ்கீ கழலவே இல்லை, காலோடு சேர்ந்து திருகியது. அவள் போட்ட சத்தம் இப்போதும் காதில் கேட்கிறது.

எலும்பு முறியவில்லை, தசைநார் இழுத்துக்கொண்டிருக்கிறது என்றார் அங்கிருந்த மருத்துவர்.

அன்று மாலை இரண்டு ஜோடியையும் அங்கேயுள்ள ஒரு சிறிய பட்டறைக்குக் கொண்டுபோனேன். வயதானவர் ஒருவர் மேஜை விளக்கைச் சாய்த்துப் பிடித்து, வெளிச்சம் பேஸின்மேல் குறுக்கே விழும்படி காட்டினார். கோடுகள் எதுவுமே இல்லை. மகளின் வலது ஸ்கீயில் நுனிக்கு ஒரு சாண் கீழே சாய்வாக ஒரு பழைய கீறல் உண்டு. கடைக்குக் கொடுப்பதற்கு முன் எடுத்த படம் என் போனில் இருந்தது. அந்தக் கீறல் அப்படியே இருந்தது, ஓரத்தில் துருத்திய பிசிறுகூட மாறவில்லை. மெஷினில் தீட்டிய பேஸில் அந்தப் பிசிறு எப்படி மிச்சமிருக்கும்? துணியால் அழுத்தித் துடைத்ததும் மேலேயிருந்த பளபளப்பு துணியோடு வந்துவிட்டது. அடியில் எட்ஜ் ஓரமாக வெள்ளை வெள்ளையாகக் காய்ந்துபோன பேஸ். மேலோட்டமாகத் தேய்க்கும் பேஸ்ட்டைத் தடவி மினுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். இரும்பு வைத்து உருக்கி, ஆறவிட்டு, சுரண்டி, பிரஷ் போட்ட வேக்ஸ் அப்படித் துணியோடு வராது. கட்டைவிரல் நகத்தை எட்ஜில் இழுத்துக் காட்டினார். கூர்மையான எட்ஜ் என்றால் நகம் சீவித் தூள் உதிரும், இதில் ஒரு தூள்கூட உதிரவில்லை. மழுக்கச் சொன்ன இடத்தையும் தொடவில்லை.

அப்புறம் பைண்டிங்கைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. கடை கொடுத்த சோதனைச் சீட்டில் இருவருக்கும் ஒரே எண், 7. ஸ்கீயிலும் அதே எண்தான். என் எடை 82 கிலோ, மகள் 50 கிலோகூட இல்லை. எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், ஓட்டும் திறமை எல்லாம் பார்த்துத்தான் அந்த எண்ணை வைக்க வேண்டும். எண் கூடினால் விழும்போது ஸ்கீ சுலபத்தில் கழலாது. அவளுடையது முன்பு 4.5இல் இருந்தது. அதை 7க்கு ஏற்றிவைத்து, "சோதிக்கப்பட்டது" என்று முத்திரையும் குத்தியிருக்கிறார்கள். வேக்ஸில் ஏமாற்றியது திருட்டு. என் மகளின் காலோடு விளையாடியதற்கு என்ன பேர் சொல்வது?

பெரியவர் என் ஸ்கீக்கு முறையாக வேக்ஸ் போட்டுக் கொடுத்தார். மறுநாள் மதியம் அதே இளகிய பனியில், அதே சமதளத்தில், கோலை ஊன்றாமலே லிஃப்ட் வரை போய்ச் சேர்ந்தேன். அதற்குமேல் என்ன நிரூபணம் வேண்டும்!

அங்கிருந்தே கடைக்காரருக்குப் படங்களோடு வாட்ஸ்அப் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மறுநாள், "ஜப்பான் பனி வேற மாதிரிண்ணே, வேக்ஸ் சீக்கிரம் போயிடும்" என்று ஒரு வரி. மெஷினில் போட்ட கோடு எங்கே, பழைய கீறல் எப்படிப் போகாமல் இருக்கிறது என்று கேட்டேன். "மெஷின் ஆள் லீவு, வந்ததும் கேக்குறேன்" என்றார். போன் செய்தால் வேறொருவர் எடுத்து முதலாளி வெளியூர் என்கிறார். பைண்டிங் எண்ணைப் பற்றி மட்டும் இதுவரை ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் அனுப்பிய குரல் பதிவில், "பார்க்கில் விழுறது சகஜம்ணே, பொண்ணு கொஞ்சம் தைரியமா வேகமா போயிருக்கணும்" என்கிறார். நம்ம வீட்டுப் பொண்ணு என்று நெஞ்சில் கை வைத்த அதே ஆள்! 480 வெள்ளியைத் திருப்பிக் கேட்டால், அடுத்த சர்வீஸில் 50 வெள்ளி கழித்துக்கொள்கிறாராம்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். கொடுப்பதற்கு முன் பேஸையும் எட்ஜையும் பைண்டிங் எண்ணையும் கிட்டத்தில் படமெடுங்கள். திரும்ப வாங்கும்போது கடையிலேயே விளக்கைச் சாய்த்துக் கோடு தெரிகிறதா பாருங்கள், வெள்ளைத் துணியால் ஒருமுறை அழுத்தித் துடையுங்கள். ரசீதில் "சர்வீஸ்" என்று மொட்டையாக எழுதினால் வாங்காதீர்கள், செய்த வேலை ஒவ்வொன்றையும் எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகளின் பைண்டிங் எண்ணைப் பனிமலையில் இன்னொரு பட்டறையிலும் சரிபாருங்கள். பார்க்கில் முதல் ரவுண்டில் எதிலும் குதிக்காமல், ஸ்கீ எப்படி ஓடுகிறது என்று ஜம்புகளுக்குப் பக்கத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுக்கப்போகிறேன். அதற்கும் மசியாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம்தான். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே எடுத்துக்கொள்கிறார்கள், 5,000 வெள்ளிக்கு உட்பட்டதற்குத் தனிநபருக்குக் கட்டணம் 10 வெள்ளி, வக்கீல் தேவையில்லை. படங்கள், சீட்டு, பேநவ் பதிவு, அந்தக் குரல் பதிவு எல்லாம் பத்திரமாக இருக்கிறது. கடை பெயரைக் கேட்டுத் தனியாகச் செய்தி அனுப்ப வேண்டாம், வழக்கு முடியும்வரை சொல்ல மாட்டேன். இதே மாதிரி ஒரே எண் போட்ட சோதனைச் சீட்டு வேறு யாரிடமாவது இருந்தால் மட்டும் படமெடுத்து அனுப்புங்கள், சேர்ந்தே போவோம்.