இ-சஞ்சீவனி: வாய் திறக்கக் கூச்சப்படும் பிள்ளைக்கு எதுவரை உதவும்?

தொடையிடுக்கில் அரிப்பு என்று 15 வயதுப் பையன் வீட்டில் சொல்லும்போது பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதம் ஓடிப்போயிருக்கும். அதற்குள் மெடிக்கலில் தானே போய் வாங்கிய ட்யூப் ஒன்றும் பாதி தீர்ந்திருக்கும். ஆஸ்பத்திரிக்கு வா என்றால் நகரமாட்டான். அப்படிப்பட்டவனுக்கு முதல் படியாக அரசின் இ-சஞ்சீவனி வீடியோ ஆலோசனை நன்றாகவே உதவுகிறது. அதுவே கடைசிப் படியாகிவிட முடியாது.

2020 ஏப்ரலில், ஊரடங்குக் காலத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட சேவை இது. கட்டணம் கிடையாது. மொபைல் எண், ஓ.டி.பி., நோயாளி விவரம், டோக்கன், கொஞ்சம் காத்திருப்பு, பிறகு திரையில் டாக்டர். மருந்துச் சீட்டு போனிலேயே கிடைக்கும். பக்கத்து வீட்டுக்காரர் வரிசையில் நின்று 'என்னப்பா உடம்புக்கு?' என்று கேட்கமாட்டார்.

ஒரு சிக்கல் உண்டு. தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி மைனர் பிள்ளைகள் பெரியவர் ஒருவருடன்தான் ஆலோசனை பெற முடியும். அந்தப் பெரியவர் யார் என்பதைப் பையனையே சொல்லவிடுங்கள். அப்பாவைவிட மாமாவோ சித்தப்பாவோ தோதாக இருக்கலாம். டாக்டர் பையனைக் கேட்க, அம்மா பதில் சொல்வதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் கோளாறு. கூட இருப்பவர் அறிமுகம் செய்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்ள, இயர்போன் பையன் காதில் இருக்கட்டும். எத்தனை நாளாக, எந்த இடத்தில், என்ன தடவினான், வீட்டில் வேறு யாருக்கு அரிப்பு: இந்த நான்கையும் முன்பே துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டால் பார்த்து வாசித்துவிடலாம்.

அந்த ட்யூப்பை மறைக்காமல் கேமரா முன் காட்ட வேண்டும். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று அதில் இருந்தால் அது ஸ்டீராய்டு. தடவிய சில நாளில் அரிப்பும் சிவப்பும் அடங்கும். ஆனால் அரிப்பு படர்தாமரையாக இருந்தால், அதற்குக் காரணமான பூஞ்சை சாகாது. தோலின் எதிர்ப்பு தணிந்திருப்பதால் உள்ளுக்குள் பரவி, நிறுத்தியதும் இரட்டிப்பாகத் திரும்பும். படர்தாமரையின் வட்ட ஓரமே மங்கிப்போய், பார்க்கும் டாக்டரையும் ஏமாற்றும். தொடையின் உள்பக்கம் விழும் வரித்தழும்புகள் பிறகு போகாது.

சேவை சறுக்குவது பரிசோதனையில்தான். அந்தரங்க உறுப்பைக் கேமராவில் காட்டவோ படமெடுத்து ஏற்றவோ வேண்டாம். பிள்ளையின் அப்படியொரு படம் போனில் கிடப்பதே வம்பு. டாக்டர் பார்த்தாக வேண்டும் என்றால் நேரில்தான். அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போடுமிடத்தில் 'ஸ்கின்' என்ற ஒரு சொல் போதும், விளக்கம் தேவையில்லை. ஆண் டாக்டர் வேண்டுமென்று கேட்பதில் தப்பில்லை. விதைப்பையில் திடீரென்று கடும் வலி என்றால் டோக்கனுக்குக் காத்திருக்கவே கூடாது. விதை முறுக்கிக்கொண்டிருந்தால் 6 மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். நேரே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

சாதாரணப் படர்தாமரைக்கு க்ளோட்ரிமசோல் 1% களிம்பை வீடியோவிலேயே எழுதித்தர வழியுண்டு. பொதுவாகத் தினம் இருவேளை, 2 முதல் 4 வாரம். குளித்துத் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு, படையின் ஓரத்தைத் தாண்டி 2 செ.மீ. வரை தடவ வேண்டும். அரிப்பு நின்ற ஐந்தாம் நாளே ட்யூப்பை மூடிவைப்பவர்கள்தான் அதிகம். டாக்டர் சொன்ன நாள்வரை போடாவிட்டால் திரும்ப வரும். காயாத ஜட்டி, இறுக்கமான ஜீன்ஸ், வீடு முழுக்க ஒரே துண்டு என்று இருந்தாலும் அதே கதைதான். வீட்டில் இன்னொருவருக்குப் படை இருந்து அவர் மருந்து போடாவிட்டால் பையன் தடவுவது வீண். அவர் பேரிலும் ஒரு டோக்கன் போட்டுவிடுங்கள்.