"சேவ் ஆகுது, பாருங்கோ தம்பி": 42,000 ரூபா போன விதம்

நாப்பத்திரண்டாயிரம் ரூபா. பழைய கேம் செற் ஒண்டு வாங்கி இண்டைக்கு ஆறாம் நாள். கோவத்தோடதான் எழுதுறன், பிழை கிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. கடைசியில என்னென்ன பாத்து வாங்கவேணும் எண்டு விவரமா எழுதுறன்.

யாழ்ப்பாணம் டவுனுக்குள்ள ஃபோன் திருத்துற கடை ஒண்டு. கண்ணாடி அலுமாரியின்ர அடித்தட்டில பழைய கேம் சாமானும் வச்சு விக்கினம். பெயர் போடேல்ல. போட்டால் பிறகு நான்தான் இழுபடவேணும்.

வாங்கினது நின்ரெண்டோ கொம்பனியின்ர கையடக்கக் கேம் மெசின், கேம்போய் அட்வான்ஸ் எஸ்பி ஒண்டு, அதோட போக்கிமொன் கோல்ட், போக்கிமொன் எமரால்ட் எண்டு மெசினில செருகி விளையாடுற ரெண்டு காட்றிட்ஜ். செற்றா 42,000. எஸ்பியில பிழை சொல்ல மாட்டன். திரை, பொத்தான், சார்ஜ் எல்லாம் சரி. ஆனா வெறும் எஸ்பிக்கு நான் 18,000-க்கு மேல குடுத்திருக்க மாட்டன். மிச்சக் காசு முழுக்க அந்த ரெண்டு பிளாஸ்ரிக் துண்டுக்கும் போனது.

நான் கேட்டது ஒரே கேள்வி: "அண்ணை, சேவ் நிக்குமோ?" விளையாடி நிப்பாட்டின இடம் அழியாம இருக்குமோ எண்டுதான்.

அவர் சிரிச்சுக்கொண்டு எமரால்டைச் செருகினார். ஏற்கனவே சேவ் பண்ணியிருந்த ஒரு விளையாட்டைத் திறந்து நாலு அடி நடந்து, சேவ் பண்ணி, ஓஃப் பண்ணி, திரும்ப ஓன் பண்ணினார். விட்ட இடத்தில இருந்து தொடர்ற கன்ரினியூ எண்ட வரி வந்தது, ஆள் அதே இடத்தில நிண்டது. கோல்டுக்கும் அதே மாதிரி. "சேவ் ஆகுது, பாருங்கோ தம்பி." எமரால்ட் தொடங்கேக்க உள் பற்றரி முடிஞ்சுது, விளையாடலாம், நேரத்தோட சம்பந்தப்பட்டது மட்டும் நடக்காது எண்டொரு செய்தி வந்தது. நான் வாய் திறக்க முதலே அவர், "அது மணிக்கூட்டுப் பற்றரி. ஒரிஜினல் எல்லாத்துக்கும் வரும்" எண்டார். அது உண்மைதான், அதுதான் என்னை விழுத்தினது. பழைய ஒரிஜினலில அந்தச் செய்தி வாறது வழமை. விசயம் தெரிஞ்ச ஆள் எண்டு நினைச்சிட்டன்.

"ஒருக்காக் கழட்டிப் பாக்கலாமோ?" எண்டும் கேட்டனான். "கழட்டினால் வொறன்ரி இல்லை தம்பி. ஒரு கிழமை வொறன்ரி தாறன், பயப்பிடாதேங்கோ." காசை எண்ணிக் குடுத்திட்டன். பில்லில "கேம் செற் 1 – 42,000" எண்டு மட்டும் எழுதினவர். ஒரிஜினல் எண்ட சொல் அதில இல்லை. அதையும் வீட்டை வந்துதான் பாத்தன்.

அவர் காட்டின அந்த ரெஸ்ற்றால ஒண்டையும் நிறுவேலாது. கோல்ட் மாதிரிக் காட்றிட்ஜில சேவ் இருக்கிறது எஸ்ராம் எண்ட 32 கேபி நினைவகத்தில. அதுக்கு மின்சாரம் போனால் ஞாபகமும் போயிடும். கேம்போய் ஓனில இருக்கேக்க மெசின் கரண்ட் குடுக்கும், ஓஃப் பண்ணினதும் உள்ளுக்க இருக்கிற 3 வோல்ற் வில்லைப் பற்றரி பொறுப்பெடுக்கும். ஏறக்குறைய 2 வோல்ற் இருந்தாலே எஸ்ராம் தன்ர தரவைப் பிடிச்சுக்கொண்டிருக்கும். ஆக, செத்துக்கொண்டிருக்கிற பற்றரியும் ரெண்டு செக்கன் ஓஃப்–ஓன் விளையாட்டில பாஸ் பண்ணும். பற்றரி சரியாத் தொடாட்டிலும், கெப்பாசிற்றரில மிஞ்சிக் கிடக்கிற சார்ஜ் கொஞ்ச நேரம் தாக்குப் பிடிக்கும். சேவ் நிக்குதோ எண்டு பாக்கிறதெண்டால் சேவ் பண்ணி, காட்றிட்ஜை வெளியில எடுத்து, ஒரு இரவு மேசையில வச்சிட்டு, காலமை போட்டுப் பாக்கவேணும். கடையில அதுக்கு ஆர் விடுவினம்?

கோல்டில இன்னொண்டும் இருக்கு. அது பகல் இரவு பாத்து ஓடுற விளையாட்டு. உள்ளுக்க 32.768 கிலோஹேர்ட்ஸ் கிறிஸ்ரல் வச்ச மணிக்கூடு நாள் முழுக்க அதே பற்றரியைத்தான் உறிஞ்சும். அதால முந்தின போக்கிமொன் றெட், புளூவை விட கோல்ட், சில்வரின்ர பற்றரி கெதியாச் சாகும். 2000-மாம் ஆண்டு அமெரிக்காவில வந்த காட்றிட்ஜ் இண்டைக்கும் பழைய பற்றரியோட உயிரோட இருந்தால் அது அதிசயம்.

எமரால்ட் வேற சாதி. ஒரிஜினலில சேவ் போறது 128 கேபி ஃபிளாஷ் சிப்பில. ஃபிளாஷுக்குப் பற்றரி தேவையில்லை, பத்து வருசம் பெட்டிக்குள்ள கிடந்தாலும் சேவ் இருக்கும். அதில இருக்கிற சிஆர் 1616 பற்றரி மணிக்கூட்டுக்கு மட்டும். இதை மனசில வச்சுக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கோ.

முதல் இரவு கோல்டில ரெண்டு மணித்தியாலம். காலமை போட்டால் நியூ கேம், ஒப்ஷன், ரெண்டே வரி. கன்ரினியூ இல்லை. மூண்டாம் நாள் காலமை எமரால்டும் அப்பிடியே. கடைக்குப் போனன்.

முதல் சாட்டு: "சேவ் பண்ணேக்க ஓஃப் பண்ணியிருப்பியள் தம்பி." ஒரிஜினல் எமரால்ட் அந்த விசயத்தில சரியான கெட்டிக்காரன். சேவை 4 கேபி வீதம் 14 துண்டாப் பிரிச்சு, ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்புக் கூட்டுத்தொகை வச்சு, ரெண்டு தொகுதியில மாறி மாறி எழுதும். இண்டைக்கு முதலாவதில எழுதினால் அடுத்தமுறை ரெண்டாவதில. நடுவில கரண்ட் போய் ஒண்டு பழுதானால், சேவ் பழுதாப் போச்சு, முந்தின சேவைத் திறக்கிறன் எண்டு அதுவே சொல்லி முந்தினதைத் தரும். நான் மூண்டு நாளில இருபது தரமாவது சேவ் பண்ணியிருப்பன். ரெண்டு தொகுதியும் ஒரே இரவில ஒண்டும் எழுதாத வெறும் சிப் மாதிரிப் போகுமோ? சொன்னன். "அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது தம்பி" எண்டார். தெரியாதவருக்கு மணிக்கூட்டுப் பற்றரி மட்டும் எப்பிடித் தெரிஞ்சது?

ரெண்டாவது சாட்டு: "இங்கத்தை உப்புக் காத்து. காட்றிட்ஜின்ர உலோகப் பின் கறுத்திருக்கும், அழிறப்பராலை தேய்ச்சுப் பாருங்கோ." பின் ஊத்தையால சேவ் பழுதாகிறது உண்டு, இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா ஊத்தையெண்டால் முதலில விளையாட்டே ஒழுங்கா ஏறாது, திரையில கண்ட கோலமும் வரும். இதில ஒவ்வொருமுறையும் விளையாட்டு வடிவா ஏறுது, சேவ் மட்டும் இல்லை.

மூண்டாவதுதான் சிரிப்பு. கடைப் பெடியன் எமரால்டை வாங்கி ஆட்டிப் பாத்திட்டு, "பற்றரி வீக். 1,500 தாங்கோ, மாத்தித் தாறம்" எண்டான். எமரால்டில பற்றரி வீக் எண்டதால சேவ் போச்சுதெண்டால் அது ஒரிஜினல் எமரால்டே இல்லை! தன்ர வாயாலேயே கள்ளக் காட்றிட்ஜ் எண்டு ஒத்துக்கொண்டிட்டான், அது அவனுக்கு விளங்கேல்ல. 42,000 வாங்கினது காணாதெண்டு இன்னும் 1,500.

பிறகு வட்ஸ்அப்பில "முதலாளி கொழும்புக்குப் போட்டார், திங்கள் வாங்கோ" எண்டு ஒரு வரி. திங்கள் போனால் "வித்த சாமான் திருப்பி எடுக்கிறேல்ல, பில்லின்ர பின்பக்கம் இருக்கு." ஒரு கிழமை வொறன்ரியோ? "அது எஸ்பிக்குத் தம்பி."

அண்டிரவே ரெண்டையும் கழட்டினன். வொறன்ரி போனால் போகட்டும்.

எமரால்ட் பச்சைக் கோதுக்குள்ள மெல்லிசு சேர்க்கிட் போட் ஒண்டு. நடுவில கறுத்தப் பிசின் குமிழ், அதுக்குக் கீழதான் சிப். கிறிஸ்ரல் இல்லை, அப்ப மணிக்கூடும் இல்லை. தொடக்கத்தில வந்த அந்தச் செய்திக்குக் காரணம் இதுதான். பக்கத்தில எஸ்ராமும் ஒரு சின்ன வில்லைப் பற்றரியும். மீற்றரில 1.8 வோல்ற். ஃபிளாஷ் சிப்புக்குக் காசு செலவழிக்காம, விளையாட்டின்ர புரோகிராமையே மாத்தி எஸ்ராமில சேவ் பண்ண வச்சிருக்கிறாங்கள். போட்டில நின்ரெண்டோ எண்ட எழுத்து எங்கேயும் இல்லை.

கோல்ட் இன்னும் வயித்தெரிச்சல். போட் அசல். கிறிஸ்ரல், சிப் எல்லாம் சரி. ஆனா பற்றரியின்ர வெல்ட் பண்ணின தகடு ரெண்டையும் குறடாலை முறிச்சு, புது சிஆர் 2025 ஒண்டை இடையில செருகி, வயர் சுத்துற கறுத்த ரேப்பால ஒட்டி விட்டிருக்கிறாங்கள். பற்றரியில மீற்றரை வச்சால் 3.1 வோல்ற். போட்டின்ர பிளஸ், மைனஸ் புள்ளியில வச்சால் பூச்சியம். விரலாலை அமத்தினால் 3.1, விட்டால் பூச்சியம். கோல்ட் எஸ்பிக்குள்ள முழுசாப் போகாது, பாதி வெளியில நிக்கும். ஒருக்கா மேசையில தட்டுப்பட்டாலே ரேப் அசையும், எஸ்ராம் காலி. கோல்ட் சேவை ரெண்டு பிரதியா வைக்கும்தான், ஆனா ரெண்டும் ஒரே எஸ்ராமுக்குள்ள. கரண்ட் போனால் ரெண்டும் சேர்ந்து போகும்.

தகடோட வாற சிஆர் 2025 வாங்கி, தகட்டில ரெண்டு மூண்டு செக்கன் ஈயம் வச்சால் முடிஞ்சுபோற வேலை. இதைச் செய்யப் பஞ்சிப்பட்டுத்தான் ரேப். வில்லையில நேரடியா ஈயம் வைக்கிற ஆக்களும் இருக்கினம். அது சூட்டில பற்றரியைப் பழுதாக்கும், சிலநேரம் வெடிக்கும்.

1986-ல் டிராகன் குவெஸ்ட் எண்ட ஜப்பான் விளையாட்டு வரேக்க சேவ் பண்ணப் பற்றரியும் இல்லை, ஒண்டும் இல்லை. விட்ட இடத்துக்கு அது தாற கடவுச்சொல், 20 ஜப்பானிய எழுத்தை, ஒரு தாளில எழுதி வச்சு, அடுத்தநாள் திரும்ப அடிக்கவேணும். ஒரு எழுத்துப் பிழைச்சாலும் எல்லாம் போச்சு. ஆனா அந்தத் தாளை ஒருத்தரும் ரேப் அடிச்சு 42,000-க்கு விக்கேலாது. 1995-ல் அமெரிக்காவில வந்த எர்த்பவுண்ட் எண்ட விளையாட்டு, தான் ஓடுறது கள்ளப் பிரதியெண்டு பிடிச்சால், கடைசிச் சண்டை வரைக்கும் விளையாட விட்டு, அங்க உறைஞ்சு நிண்டு சேவ் எல்லாத்தையும் அழிக்கும். அது கள்ளப் பிரதி வச்சிருந்தவனுக்குக் குடுத்த அடி. இங்க அடி வாங்கினது காசு குடுத்த நான்.

விவரமா எழுதுறன் எண்டனான், கை நடுங்குது, கெதியாச் சொல்லுறன். கழட்ட விடாத கடையில காட்றிட்ஜ் வாங்காதேங்கோ. எமரால்ட் மாதிரி அட்வான்ஸ் காட்றிட்ஜுக்கு மூண்டு இதழ் ஆணி கழட்டுற ஸ்க்ரூ டிரைவர், கோல்ட் மாதிரிப் பழசுக்கு 3.8 மில்லிமீற்றர் ஸ்க்ரூ டிரைவர், ரெண்டையும் நீங்களே கொண்டு போங்கோ. கழட்டாட்டிலும் அட்வான்ஸ் காட்றிட்ஜின்ர அடி இடைவெளியால லைற் அடிச்சுப் பாருங்கோ, பின்னுக்கு மேல நின்ரெண்டோ எண்டு போட்டில அடிச்சிருக்கவேணும். லேபலைச் சரிச்சுப் பிடிச்சால் மை இல்லாம அழுத்தின இலக்கம் தெரியவேணும். பழைய சேவ் உள்ள காட்றிட்ஜை பற்றரி மாத்தக் குடுக்கிறதெண்டால் முதலில அந்தச் சேவைக் கொம்பியூற்றருக்கு எடுத்து வையுங்கோ, பற்றரி கழண்டால் சேவும் போகும். பில்லில "ஒரிஜினல்" எண்டு எழுதச் சொல்லுங்கோ. சோனியின்ர பிளேஸ்ரேஷன் 2 கேம் மெசினுக்குச் சேவ் வைக்கிற மெமரி காட் ஒண்டும் அதே அலுமாரியில 128 எம்பி எண்டு போட்டுக் கிடக்கு. சோனியின்ர சொந்தக் காட் 8 எம்பிதான், மற்றதில சேவை நம்பி வைக்காதேங்கோ.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின்ர இலக்கம் 1977. நாளைக்குக் காலமை அடிக்கிறன். அதுக்குப் பிறகு மீற்றரையும் அந்த ரேப் சுத்தின கோல்டையும் கொண்டு திரும்பக் கடைக்குப் போறன், பொறுத்தனான் காணும்.