ரங்கூனில் என் மகனின் பால்பல்

சிங்கப்பூரிலிருந்து ரங்கூனுக்குப் போய்ப் பதினெட்டு நாள் ஊரில் இருந்தோம். காளி கோயில், சூரத்தி பஜார், காலையில் தெருமுனையில் மொய்ங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் எல்லாம் வழக்கம்போல நடந்தது. அதையெல்லாம் எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத உட்கார்ந்தது என் மகனின் ஒரே ஒரு பல்லுக்காக.

போன மூன்றாம் நாள் ராத்திரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். ஐந்து வயது. அன்று எங்கள் பக்கத்துக்குக் கரண்டு வரும் முறை இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழ் இடப்பக்கம் கடைசிப் பால்பல், அதற்கு நேர் கீழே ஈறில் அரிசி அளவுக்குச் சீழ்க்கொப்புளம். அம்மா உடனே கிராம்புத் தைலத்தையும் பஞ்சையும் எடுத்து வந்துவிட்டார். எனக்கும் சின்ன வயதில் அதைத்தான் வைத்தார். சிறு பிள்ளைக்குத் தைலத்தை அப்படி நேராக வைக்கக்கூடாது, ஈறு வெந்துவிடும், விழுங்கினால் இன்னும் ஆபத்து என்று தடுத்தேன். வலி மருந்து கொடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு விடியும்வரை நடந்தேன். அம்மாவுக்கு மனத்தாங்கல்தான்.

நான் சிங்கப்பூரில் பல் கிளினிக்கில் உதவியாளராக எட்டு வருடம் வேலை பார்க்கிறவள். அதனால் மறுநாள் நடந்தது எனக்கு இரட்டிப்புக் கோபம்.

முதலில் போன இடத்தில் டாக்டர் கண்ணாடியை வைத்து ஒரு தரம் பார்த்தார். எக்ஸ்ரே எடுக்கவில்லை. "ரூட் கெனால் செய்து கட்டாபெர்ச்சா வைத்து மூடிவிடலாம்" என்றார். பல் வேருக்குள் இருக்கும் கால்வாயைச் சுத்தம் செய்து அடைக்கிற சிகிச்சை அது. "சயா, இது பால்பல்லாச்சே?" என்று கேட்டேன். அங்கே டாக்டரை அப்படித்தான் கூப்பிடுவோம். "பல் எல்லாம் ஒன்றுதான்" என்றார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ஒன்று இல்லை. கட்டாபெர்ச்சா என்பது மரப்பால் உறைந்து வருவது. 19ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூர் வழியாகத்தான் உலகத்துக்கே போனது. பெரியவர்களின் பல்லில் அதை வைப்பதற்குக் காரணமே அது கரையாது என்பதுதான். பால்பல்லின் வேர் அப்படி நிலைத்து நிற்பதற்கு வந்ததில்லை. அடியிலிருந்து நிரந்தரப் பல் மேலே வர வர, வேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கடைசியில் பல் விழுந்துவிடும். உள்ளே வைத்த பொருளும் வேரோடு சேர்ந்து கரைய வேண்டும். கரையாததை வைத்தால் மேலே வரும் பல்லுக்கு வழியில் முள் போட்ட மாதிரி. அடியில் நிரந்தரப் பல்லே இல்லாத சில பிள்ளைகளுக்கு மட்டும் கட்டாபெர்ச்சா வைப்பதுண்டு. அடியில் பல் இருக்கிறதா இல்லையா என்பதை எக்ஸ்ரே எடுக்காமல் எப்படித் தெரிந்துகொள்வது? எங்கள் கிளினிக்கில் படம் எடுக்காமல் ஊசியைக்கூடத் தொட மாட்டார்கள். என் ஊரில் இப்படியா என்று தெருவில் நின்றபடியே அழுகை வந்துவிட்டது.

பிடுங்கிவிடலாமே என்று மாமா சொன்னார். ஆறு வயதில் இந்தப் பல்லுக்குப் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கும். முன்னால் இது இல்லையென்றால் அது சாய்ந்து வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் பத்துப் பன்னிரண்டு வயதில் வர வேண்டிய பல்லுக்கு இடம் இருக்காது. அதற்கென்று கம்பி போட்டு இடம் காக்கலாம், ஆனால் சொந்தப் பல்லை விடச் சிறந்த காவல் வேறு இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா சொல்லி இரண்டாவது இடத்துக்குப் போனோம். பழைய கட்டடம், செங்குத்தான படி, இரண்டாம் மாடி. அங்கே இருந்தவர் பெண் டாக்டர், சயாமா. நாற்பது வயதிருக்கும். கரண்டு இல்லை, பேட்டரியில் விளக்கு எரிந்தது. கையில் பிடிக்கும் சின்ன எக்ஸ்ரே கருவியை எடுத்து, பையன் ஆடாமல் இருக்க அவனிடம் பர்மிய மொழியில் ஏதோ யானைக் கதை சொல்லி, ஒரே தடவையில் படம் எடுத்தார். வேர் இரண்டும் நீளம் குறையாமல் இருந்தன. நடுவே நிரந்தரப் பல்லின் முளை தெளிவாகத் தெரிந்தது. அன்று கால்வாய்களைச் சுத்தம் செய்து, தற்காலிக மருந்து வைத்து அனுப்பினார். ஒரு வாரத்தில் கொப்புளம் வற்றிவிட்டது.

இரண்டாம் தடவை போனபோது நானே கேட்டேன்: "சயாமா, உள்ளே என்ன வைக்கப்போகிறீர்கள்?" ஜிங்க் ஆக்சைடு, யூஜெனால் என்றார். தூளையும் எண்ணெயையும் அங்கேயே கலந்து வைப்பது. எனக்குச் சட்டென்று ஏமாற்றம். நாங்கள் சிரிஞ்சில் தயாராக வரும் மஞ்சள் பேஸ்ட்தான் வைப்போம். விட்டாபெக்ஸ் மாதிரி, கால்சியம் ஹைட்ராக்சைடும் அயோடோஃபார்மும் கலந்தது. 1930களிலிருந்து இருக்கிற பழைய மருந்தை என் பிள்ளைக்கு வைப்பதா? வேண்டுமானால் வாங்கி வருகிறேன், எங்கே கிடைக்கும் என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. பெட்டியைத் திறந்து அதே மஞ்சள் சிரிஞ்சைக் காட்டினார். "அமா (அக்கா), இதுவும் நல்ல பேஸ்ட்தான். வேர் நுனியைத் தாண்டி வெளியே போனாலும் உடம்பே எடுத்துவிடும். ஆனால் கால்வாய்க்குள் இருப்பதும் வேருக்கு முன்னாலேயே கரைந்துவிடும், உள்ளே வெறும் குழாய்தான் மிஞ்சும். எட்டு ஒன்பது வயதில் வேர் கரைய ஆரம்பித்த பிள்ளை என்றால் இதைத்தான் எடுப்பேன். உங்கள் பையனின் பல் இன்னும் ஐந்தாறு வருடம் நிற்க வேண்டும்."

அன்று ராத்திரி தேடிப் பார்த்தேன். அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவக் கழகம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதையேதான் சொல்கிறது. வேர் கரையாத பல்லில் அயோடோஃபார்ம் பேஸ்டைவிட ஜிங்க் ஆக்சைடு யூஜெனாலோ, அதோடு அயோடோஃபார்மும் கால்சியம் ஹைட்ராக்சைடும் சேர்த்த கலவையோ நன்றாக நிற்கிறது. எட்டு வருடம் சிரிஞ்சை எடுத்துக் கொடுத்த எனக்கு இதை ஒருவரும் சொன்னதில்லை.

ஜிங்க் ஆக்சைடுக்கும் குறை உண்டு. இறுகிப்போகும், வேரைவிட மெதுவாகக் கரையும். நுனியைத் தாண்டிவிட்டால் எலும்பில் வெகுநாள் கிடக்கும், வரும் பல்லைத் தள்ளியும் விடலாம். அதனால்தான் அவர் நுனிக்கு 1 மில்லிமீட்டர் முன்பே நிறுத்தினார்.

அவர் கலக்கிய விதத்தை நான் மறக்க மாட்டேன். ஐஸ் பெட்டியிலிருந்து கண்ணாடித் தட்டை எடுத்தார். வெயிலிலும் ஈரத்திலும் இந்தக் கலவை சீக்கிரம் இறுகும், ஆகவே தட்டு குளிர்ந்திருக்க வேண்டும். மேலே படிந்த ஈரத்தைச் சொட்டு விடாமல் துடைத்தார். வெள்ளைத் தூளைச் சின்னச் சின்னக் குவியலாகப் பிரித்துவைத்து, பக்கத்தில் இரண்டு சொட்டு யூஜெனால். ஒவ்வொரு குவியலாக இழுத்து, தகடு போன்ற கரண்டியால் தட்டோடு அழுத்தித் தேய்த்தார். அம்மியில் மஞ்சள் அரைக்கிற அதே சத்தம். முதலில் பாலேடு பதம். அதைச் சுருள் கம்பியில் தொட்டுக் கால்வாய்க்குள் விட்டார். அப்புறம் இன்னும் தூள் சேர்த்து, மாவு உருட்டுகிற பதத்துக்குக் கொண்டுவந்து மேலே அடைத்து, ஈரப் பஞ்சால் அழுத்தினார். கடைசியாக எஃகுத் தொப்பி. அளவு பார்க்க நாலு மாட்டிக் கழற்றி, ஐந்தாவது சரியாக உட்கார்ந்தது.

யூஜெனால் கிராம்பிலிருந்து எடுப்பதுதான். அறை முழுவதும் அந்த வாசனை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா தலையை நீட்டி, "கிராம்பு வாசம் வருதே" என்றார். அன்று ராத்திரி அவர் கையைத் தடுத்தது நினைவுக்கு வந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, எங்கே எப்படி வைத்தால் அது மருந்து என்று சொன்னேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

முழு வேலைக்கும் ஆன செலவு சிங்கப்பூரில் ஒரு தடவை டாக்டரைப் பார்க்கும் காசுக்கு மேல் வரவில்லை. படத்தின் பிரதியையும் கொடுத்தார். திரும்பி வந்ததும் எங்கள் டாக்டரிடம் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "யார் செய்தது?" என்று கேட்டார். ஆறு மாதத்தில் இங்கே அடுத்த படம் எடுக்க வேண்டும். அதையும் எடுத்துக்கொண்டு தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது சயாமாவிடம் காட்டப் போகிறேன்.