களப்பயிற்சி: வாரம் இரண்டு நாளா, ஒரே தொடராகவா?

இலங்கையில் சமூகப்பணிக் கல்வி 1952இல் தொடங்கியது; இளமாணிப் பட்டம் 2005இல்தான் வந்தது. இந்தப் படிப்பின் உயிர்நாடி களப்பயிற்சி: மாணவர் மேற்பார்வையாளரின் கீழ் சனத்தோடு வேலைசெய்து பழகுவது. அதை வாரம் இரண்டு நாளாகவும் வைக்கலாம், சில வாரம் ஒரே தொடராகவும் வைக்கலாம்.

வாரம் இரண்டு நாள் களம் என்றால், திங்களன்று படித்த நேர்காணல் முறையைப் புதனன்றே ஒரு வீட்டு விறாந்தையில் பயன்படுத்தலாம். பிழைத்தால் வெள்ளியன்று மேற்பார்வையாளரிடம் பதிவை விரித்துவைத்து, எந்தக் கேள்வியில் அந்த அம்மா வாயை மூடினார் என்று தேடலாம். புதியவர்களுக்கு இதுவே நல்லது. யாழ்ப்பாண நகரிலிருந்து போனால், நல்லூர், கோப்பாய் போன்ற பக்கத்துப் பிரதேசங்களுக்கும் பொருந்தும். ஆனால் நுண்கடன் (சிறுகடன்) வசூலிப்பவர் வாசலில் நிற்கும் வியாழனன்று மாணவர் வகுப்பில் இருப்பார்.

கடலுக்கு அப்பால் தீவாக இருக்கும் நெடுந்தீவுக்குத் தொடர் பயிற்சிதான் சரி. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் தினமும் போய்வருவது சரிவராது. கடல் கொந்தளித்தால் படகே ஓடாது. அங்கேயே சில வாரம் தங்கினால்தான் சனம் மனம்விட்டுப் பேசும். ஆபத்து வேறிடத்தில்: மேற்பார்வை தளர்ந்தால் பயிற்சிக்கு எடுத்த அலுவலகம் மாணவரைப் படிவம் நிரப்ப இருத்திவிடும். வாரம் ஒரு மணித்தியாலம் மேற்பார்வை என்று எழுத்தில் வாங்காமல் எவரையும் அனுப்பக்கூடாது.