ஆப்பில் 12 டிகிரி, தக்காளிக்குள் 21

ஸ்மார்ட் கூலிங் என்று குளிர் அறை விற்பவர்களிடம் பேசிக்கொண்டிருப்பவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் கொடுத்துத் தொலைத்துவிட்டேன்.

வந்தவர் காட்டியது முழுக்க ஆப்தான். வெப்பநிலை, ஈரப்பதம், கதவு திறந்திருந்தால் அலாரம், எல்லாம் போனில் பச்சையாக மின்னியது. கம்ப்ரசர் எத்தனை டன் என்று கேட்டேன். "அதெல்லாம் சிஸ்டமே பார்த்துக்கும் சார்" என்றார். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

பறித்த சூடு தணியாத தக்காளியை அறை நிறைய அடுக்கினோம். அரை மணி நேரத்தில் ஆப் 12 டிகிரி காட்டியது, நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன். ஐந்தாம் நாள் கதவைத் திறந்தால் புளித்த வாடை. நடுவில் இருந்த கிரேட்டை இழுத்து ஒரு பழத்துக்குள் ஊசி தெர்மாமீட்டரைக் குத்தினேன், 21. பக்கத்துப் பழமும் அதேதான். அப்புறம்தான் சென்சார் எங்கே என்று தேடினேன்: புளோயருக்கு நேர் எதிரே, ஒரு சாண் தூரத்தில் ஒட்டியிருந்தார்கள். குளிர்காற்று முதலில் அதன் மூஞ்சியில்தான் அடிக்கும், அது 12 என்றதும் கம்ப்ரசர் நின்றுவிடும், நெருக்கி அடுக்கிய சரக்கு நடுவில் புழுங்கிக்கொண்டே கிடக்கும்.

பறித்த பிறகும் காய் மூச்சு விடும், சூடும் விடும்; 10 டிகிரி கூடினால் அந்த வேகம் இரண்டு மூன்று மடங்காகும். வயல் சூட்டை இறக்க வேண்டிய திறன் வேறு, குளிர்ந்த சரக்கை அப்படியே வைத்திருக்கும் திறன் வேறு. எனக்கு விற்றது இரண்டாவது.

டெக்னீஷியன் வந்து, என் தெர்மாமீட்டர்தான் தப்பு என்றார். நொறுக்கிய ஐஸ் போட்ட தண்ணீரில் அவர் கண்முன்னே வைத்தேன், சரியாக 0 காட்டியது. பதில் பேசாமல் செட்டிங்கை 5க்கு இறக்கிவிட்டுப் போய்விட்டார். அடுத்த முறை பாதி பழுத்த தக்காளி வைத்தோம், புளோயர் பக்கம் இருந்தவை கடைசிவரை நிறமே ஏறாமல் குழிகுழியாகிவிட்டன. தக்காளிக்கு அவ்வளவு குளிர் ஆகாது. வாரண்டி மெஷினுக்குத்தான், சரக்குக்கு இல்லையாம். ஒரு வருடத்துக்குப் பிறகு அலாரம் வர தனியாகச் சந்தா கட்ட வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

வாங்கியே ஆக வேண்டும் என்றால், ஒரு நாள் சரக்கு மொத்தத்தையும் உள்ளே வைத்து, நடு கிரேட்டில் உள்ள பழத்தின் உட்சூடு எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு இறங்கும் என்று எழுத்தில் கேளுங்கள். தெர்மாமீட்டர் உங்களுடையதாக இருக்கட்டும்.

என் அறையில் சென்சாரை நானே கழற்றி கிரேட்டுகளுக்கு நடுவில் கட்டிவிட்டேன். அன்றிலிருந்து ஆப் சிவப்பாகத்தான் இருக்கிறது.