சோலார் விளக்குப்பொறி: சம்பாவுக்கு வாங்கலாமா?

"இதை மாட்டினால் மருந்தே அடிக்க வேண்டாம்" என்று சொல்லித்தான் சோலார் விளக்குப்பொறியை விற்கிறார்கள். அதை நம்பி வாங்காதீர்கள். நெல் தண்டைத் துளைக்கிற குருத்துப்பூச்சி எப்போது இறங்குகிறது என்று காட்டிக்கொடுக்கிற காவல்காரன் இது. அந்த வேலைக்கு நல்ல கருவி.

இரை வைக்காமல் விளக்கு ஏன் வைக்கிறோம் என்பதற்கு ஓர் உதாரணம்: நியூசிலாந்தின் வடக்குத் தீவில் பூரிரி என்று ஒரு பேய் அந்துப்பூச்சி உண்டு. பச்சை நிறம். பெண்பூச்சி இறக்கை விரித்தால் 15 செ.மீ. வரை வரும். புழுவாக மரத்துக்குள் வருஷக்கணக்கில் கிடந்துவிட்டு, அந்தாக வந்தபின் இரண்டொரு ராத்திரிதான் ஆயுள். தின்ன வாய் கிடையாது, ஆனால் விளக்கைக் கண்டால் வந்துவிடும். நம் குருத்துப்பூச்சி அதற்குச் சொந்தமில்லை என்றாலும் சாப்பாட்டு விஷயத்தில் அதே கதைதான்: அந்து இரை எடுக்காது. வெல்லப்பாகில் விஷம் கலந்து வைத்தால் வீண். பெண்பூச்சியின் வாசனையைக் காட்டி இழுக்கிற இனக்கவர்ச்சிப் பொறியில் ஆண் மட்டும் விழும். முட்டை வைக்கிற பெண்ணையும் எண்ண வேண்டுமென்றால் விளக்குதான்.

வாங்கும்போது முதலில் டைமரைப் பாருங்கள். பொழுது சாய்ந்ததும் எரிந்து, பத்து பத்தரைக்குத் தானாக அணைய வேண்டும். விடிய விடிய எரிகிற மாடலில் நன்மை செய்யும் பூச்சிகளும் சேர்ந்து சாகும். அதை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அடுத்தது, விளக்குக்குக் கீழே பூச்சி விழுகிற தண்ணீர்த் தட்டு. விளிம்புக்குக் கீழே வலை போட்ட வழிதுளை இல்லையென்றால் ஐப்பசி மழையில் தட்டு நிரம்பி, விழுந்த பூச்சியெல்லாம் வயலுக்கே போய்விடும்.

வரப்பில் கம்பி நட்டு, விளக்கு பயிருக்கு மேலே தெரிகிற மாதிரி கட்டுங்கள். பயிர் வளர வளர ஏற்ற வேண்டும். தெருவிளக்குப் பக்கம் வைத்தால் கணக்கு தப்பும். தட்டில் தண்ணீர், கொஞ்சம் சோப்புத்தூள். பேனல் தெற்குப் பார்த்துச் சாய்ந்திருக்கட்டும். அதன்மேல் கொக்கு உட்கார்ந்து எச்சம் போடும். துடைக்காவிட்டால் சார்ஜ் ஏறாது. அடைமழையில் நாலு நாள் வானம் மூடாக்குப் போட்டால் எப்படியும் மங்கிவிடும், அதற்குக் கருவியைக் குறை சொல்ல முடியாது.

காலையில் எண்ணுங்கள். வைக்கோல் மஞ்சள் இறக்கையில் ஒவ்வொரு பக்கமும் ஒரே கரும்புள்ளி, வால்பக்கம் மஞ்சள் மயிர்க்கொத்து: அதுதான் பெண். எண்ணுவதற்குள் பல்லியும் தவளையும் பாதியைத் தின்றிருக்கும், ஆகவே விடிந்ததும் போய்விட வேண்டும். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வரத்து குறையும். பூச்சி போய்விட்டது என்று நினைக்க வேண்டாம்.

வரத்து திடீரென்று ஏறினால் இலை நுனியில் முட்டைக்குவியலைத் தேடுங்கள். பழுப்பு மயிர் மூடிய சின்னப் பொட்டு மாதிரி இருக்கும். சதுர மீட்டருக்கு இரண்டு குவியலைத் தொட்டால் நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவு. முட்டை பொரிய ஒரு வாரம்தான், அதற்குள் டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் (பூச்சி முட்டைக்குள் தன் முட்டையை வைத்து அழிக்கிற குட்டிக் குளவி) அட்டை ஏக்கருக்கு 2 சி.சி. கட்டியாக வேண்டும். புழு தண்டுக்குள் போனபின் கட்டிப் பயனில்லை.

இரண்டு மூன்று மா (மூன்று மா சுமார் ஒரு ஏக்கர்) வைத்திருப்பவர் தனியாக வாங்க வேண்டாம். அடுத்தடுத்த வயல்காரர்கள் கூட்டாகப் போட்டு, ஒரு வேலிக்கு (இருபது மா) இரண்டு வைத்தால் போதும். அறுவடை முடிந்ததும் பேட்டரியை முழுக்கச் சார்ஜ் ஏற்றிக் கழற்றி வையுங்கள். அப்படியே கொட்டகையில் போட்டால் அடுத்த குறுவைக்கு அது எரியாது.