ஹூசியர் 10 இன்ச் ஸ்லிக்: ஸ்டூடண்ட் ரேஸ் காருக்கு எந்த டயர்னு கேக்குறவங்களுக்கு

சிங்கப்பூர்ல ஃபார்முலா எஸ்ஏஇ (காலேஜ் பசங்க தாங்களே ரேஸ் கார் கட்டி ஓட்டுற போட்டி) கார் கட்டுற தம்பி தங்கச்சிங்க வருஷா வருஷம் கேக்குற கேள்வி இதுதான், டயர் 13 இன்ச் ரிம்முக்கு வாங்குறதா 10 இன்ச் ரிம்முக்கு வாங்குறதா. என் பதில முதல்லயே சொல்லிடுறேன், 10 இன்ச், ஹூசியர் ஸ்லிக் (குழி வெட்டு இல்லாத வழவழ ரேஸ் டயர்), எல்சி0 காம்பவுண்ட் (அதாவது ரப்பர் கலவை). ஏன்னு சொல்றதுக்குத்தான் இந்த ரிவ்யூ, கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க, ஏன்னா டயர் சரியா அமையலன்னா சஸ்பென்ஷனுக்கு மாசக்கணக்கா உழைச்சது அத்தனையும் வீண்.

ஹூசியர் அமெரிக்காவுல இண்டியானா கம்பெனி, 1957-ல ஆரம்பிச்சது, 2016-லருந்து ஜெர்மன் டயர் கம்பெனி கான்டினென்டல் கைல இருக்கு. ரேஸ் டயர்தான் அவங்க பொழப்பே. நம்ம மாதிரி குட்டி கார்களுக்குன்னே சைஸ் வச்சிருக்காங்க, 20.5க்கு 7 இன்ச் (முதல் எண் டயரோட மொத்த உயரம், ரெண்டாவது அகலம்) டயர் 13 இன்ச் ரிம்முக்கு, அப்புறம் 10 இன்ச் ரிம்முக்கு 18க்கு 6, 16க்கு 7.5.

13 இன்ச் ஏன் வேணாங்குறேன்னா, நம்ம கார் டிரைவரோட சேத்தாலும் முன்னூறு கிலோ பக்கம்தான் வரும். அவ்ளோ லேசான கார் பெரிய டயருக்கு சூடு ஏத்தவே திணறும், சூடு ஏறலன்னா ரப்பர் ரோட்ட பிடிக்காது, அந்த நேரத்துல டிரைவர் ஸ்டியரிங்க எவ்ளோ திருப்புனாலும் மூக்கு நேரா போயிட்டேதான் இருக்கும். எடையும் பாருங்க, ரிம்மும் டயரும் பெருசாக ஆக சுத்துற எடை கூடும், 75 மீட்டர் ஆக்சிலரேஷன்ல அது நல்லாவே தெரியும். 13 இன்ச்சுல இருக்குற ஒரே சொகம் ரிம்முக்குள்ள இடம் தாராளம், பிரேக் டிஸ்க், காலிபர், அப்ரைட் (சக்கரத்த சஸ்பென்ஷனோட சேக்குற பாகம்) எல்லாம் ஈசியா உக்காந்துரும். 10 இன்ச்சுல மில்லிமீட்டர் கணக்குல மல்லுக்கட்டணும். கட்டுங்க, அதுக்கு பலன் இருக்கு.

18ஆ 16ஆன்னு வந்தா எனக்கு 16க்கு 7.5தான் பிடிக்கும். அதே கியர்ல சக்கரம் தள்ளுற விசை எட்டுல ஒரு பங்கு கூடுது (18 வகுத்தல் 16, அவ்ளோதான் கணக்கு), காரும் ஒரு இன்ச் கீழ எறங்குது, ரப்பரும் அகலம். சைடுவால் (டயரோட பக்கச் சுவர்) உயரம் நாலு இன்ச்சுலருந்து மூணு இன்ச்சுக்கு வந்துரும், ஓரத்துல கெர்ப் மேடு இல்லாம கோன் வச்சு போடுற டிராக்குல அது பெரிய குறையா எனக்கு படல. ஒண்ணு மட்டும், கார் டிசைன் பாதி முடிஞ்சப்பறம் 18லருந்து 16க்கு மாறலாமான்னு யோசிக்காதீங்க, சஸ்பென்ஷன் ஜியோமெட்ரி முழுக்க டயர் அளவ வச்சுத்தான் வருது, டயர முடிவு பண்ணிட்டு பேப்பர்ல முதல் கோடு போடுங்க.

இப்ப காம்பவுண்ட், நம்ம ஊர் டீமுக்கு இதுதான் முக்கியமான பாய்ண்ட். எல்சி0 சாஃப்ட், சட்டுனு சூடேறும், சீக்கிரம் தேயும். ஆர்20 கொஞ்சம் ஹார்டு, நின்னு பேசும். நாம டெஸ்ட் பண்றது எங்க? பர்மிஷன் வாங்கி ஏதோ ஒரு கார் பார்க்ல. அப்பர் தாம்சன் ரோட்டுல 1961லருந்து 1973 வரைக்கும் கிராண்ட் பிரீ ஓடுன ஊரு இது, 2008லருந்து மரீனா பேல எஃப்1 வருது, ஆனா நமக்குன்னு ஒரு நிரந்தர ரேஸ் டிராக் கிடையாது, இது என் ரொம்ப நாள் ஆதங்கம். அந்த கார் பார்க் தாரு மத்தியானம் 50 டிகிரிய தாண்டி கொதிக்கும், அதுல ஆர்20 அட்டகாசமா ஓடும், எல்சி0 ஓரம் ஓரமா சுருண்டு உதிரும், பாக்குறவங்க ஆர்20தான் நல்ல டயருன்னு முடிவுக்கு வந்துருவாங்க. ஆனா போட்டி அமெரிக்காவுல மிச்சிகன் ஸ்பீட்வேல, மே மாசத்துல! காலைல 10 டிகிரி பக்கம் இருக்குறது அங்க சாதாரணம். டயர முன்கூட்டியே சூடாக்குற டயர் வார்மருக்கு ரூல்ஸ்ல அனுமதி இல்ல. ஆட்டோகிராஸ்ல, அதாவது ஒரு ரவுண்டுக்கு நேரம் பாக்குற ஓட்டத்துல, ஒரு டிரைவருக்கு கெடைக்குறது ரெண்டே ரன், டயர் சூடாகட்டும்னு காத்திருக்க நேரமே இல்ல. அங்க எல்சி0தான் கை கொடுக்கும். 22 கிலோமீட்டர் எண்டியூரன்ஸ்ல, அதாவது நீண்ட தூர ஓட்டத்துல, பாதில டிரைவர் மாறும்போது கார் நிக்கும், டயர் ஆறிரும், ரெண்டாவது ஆள் ஆறுன டயரோடதான் கிளம்பணும், அங்கயும் இதே கதை. எண்டியூரன்ஸுக்கு 275 மார்க், ஆட்டோகிராஸுக்கு 125, அதனால ரெண்டுக்கும் வேற வேற காம்பவுண்ட் போடலாமேன்னு தோணும், ஆனா போட்டி ஆரம்பிச்சப்பறம் காம்பவுண்ட் மாத்த விடமாட்டாங்க. போற எடம் டிசம்பர் மாச ஆஸ்திரேலியான்னா ஆர்20ய யோசிக்கலாம், அங்க அப்ப கோடை.

டேட்டா வேணும்னா டயர் டெஸ்ட் கன்சார்ட்டியத்துல (டயர் டெஸ்ட் டேட்டாவ பகிர்ந்துக்குற கூட்டமைப்பு) உங்க யூனிவர்சிட்டிய சேத்துடுங்க. அமெரிக்காவுல பஃபலோல கால்ஸ்பான் கம்பெனியோட மெஷின்ல டயர ஓட்டி அளந்த எண்கள் அப்படியே கெடைக்கும், எடை, கேம்பர் (சக்கரத்தோட பக்கவாட்டு சாய்வு), பிரஷர் மாத்தி மாத்தி. ஆனா அந்த மெஷின்ல டயர் உருளுற பெல்ட்டு மேல ஒட்டியிருக்குறது உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு, அதுல வர்ற பிடிப்பு நம்ம தாருல வராது, மூணுல ரெண்டு பங்குன்னு கொறச்சு வச்சுக்கிட்டு கணக்கு போடுங்க. டயருக்கு டயர் ஒப்பிட்டு பாக்க இத விட நல்ல வழி இல்ல. அதுல இன்னொன்னும் தெளிவா தெரியும், பாரம் ரெண்டு மடங்கானா பிடிப்பு ரெண்டு மடங்காகாது, அதனாலதான் எடை கொறைக்க இவ்ளோ அடிச்சுக்குறோம்.

பிரஷர் நான் 12 பிஎஸ்ஐல ஆரம்பிக்க சொல்வேன், அதுவும் டயர் ஆறியிருக்கும்போது வச்சு பாத்தது. கார் உள்ள வந்த ஒடனே, ஹெல்மெட் கழட்டுறதுக்கு முன்னாடியே, ஊசி மாதிரி இருக்குற பைரோமீட்டர ரப்பருக்குள்ள குத்தி உள்பக்கம், நடு, வெளிப்பக்கம்னு மூணு எடத்துல சூடு எடுங்க. நடுவுல சூடு ஜாஸ்தின்னா காத்து ஜாஸ்தி, ரெண்டு ஓரமும் ஜாஸ்தின்னா காத்து கம்மி, உள்பக்கம் மட்டும் ரொம்ப ஏறியிருந்தா கேம்பர கொறைங்க. மேலாப்புல காட்டுற இன்ஃப்ராரெட் துப்பாக்கிய நம்பாதீங்க, ரப்பரோட மேல்தோல் நிமிஷத்துல ஆறிரும்.

வெட் டயரும் ஒரு செட்டு கண்டிப்பா வாங்கணும், குழி ஆழம் 2.4 மில்லிமீட்டருக்கு கொறையக்கூடாதுன்னு ரூல் இருக்கு. மழைல டெஸ்ட் பண்ண நம்ம ஊர விட நல்ல ஊர் கெடையாது, டிசம்பர் ஜனவரி மழைய வேஸ்ட் பண்ணாதீங்க.

ஃபிட்டிங்குக்கு நம்ம சிங்கப்பூர் உபி, காக்கி புக்கிட் பக்கம் கடை கடையா ஏறுனாலும் 10 இன்ச் ரிம்ம பாத்ததும் பாதி பேர் மெஷின் பிடிக்காதுன்னு தலையாட்டிருவாங்க. பைக் டயர் மாட்டுற சின்ன கடைல கேளுங்க, அங்க ஒரு அங்கிள் சோப்புத் தண்ணிய பீடுல (ரிம்முல உக்கார்ற டயர் விளிம்பு) தடவி, கொஞ்சம் கொஞ்சமா காத்து ஏத்தி, ரெண்டு பக்கமும் 'டப்'னு உக்கார்ற சத்தம் வந்ததும் விரலால சுத்தி தடவி பாத்துதான் குடுத்தாரு, மாக்னீசியம் ரிம்முல ஒரு கீறல் இல்ல. மாட்டுனப்பறம் ராத்திரி முழுக்க வச்சு காலைல பிரஷர் பாருங்க, மூணு பீஸ சேத்து பண்ணுன ரிம்னா கசிவு அத ஒட்டுற சீலண்ட் கோட்டுலதான் வரும்.

விலை சுடும், சரக்கு கூலியோட சேந்தா இன்னும் சுடும், அதனால போட்டி செட்ட தனியா கறுப்பு பையில கட்டி வெயிலும் எலக்ட்ரிக் மோட்டாரும் இல்லாத ரூம்ல வைங்க, மோட்டார் பக்கத்துல ஓசோன் வாயு வரும், ரப்பர் கெட்டுரும். பிராக்டிஸுக்கு பழைய செட்டு போதும். ஆர்டர வருஷக் கடைசிக்குள்ள போட்டுருங்க, சைஸும் காம்பவுண்டும் ஸ்டாக்ல இருக்கான்னு டீலர்கிட்ட எழுத்துல வாங்கிட்டு காச கட்டுங்க.